தாத்தா துப்பாக்கியும் பேரன் தோட்டாவும்

போடிநாயக்கனூர் ஏலத்தோட்டக்காரர்களுக்கு வீடு கீழே, தோட்டம் மலை மேலே. அப்படி ஒரு வீட்டுப் பெரியவர், நீளமான மரப்பெட்டி ஒன்றைத் திறந்து காட்டினார். உள்ளே அவருடைய தாத்தா வேட்டைக்கு வாங்கிய ரெட்டைக்குழல் துப்பாக்கி. பர்மிங்ஹாமில் செய்தது. 1972-ல் வனவிலங்குச் சட்டம் வந்தபின் அதற்கு ஓய்வு.

''தேர்தல்னா மட்டும் வெளியே கிளம்புவான் தம்பி! ஸ்டேஷன்ல ஒப்படைச்சிரணும். ஓட்டு எண்ணி முடிச்சாத்தான் வீட்டுக்கு விடுவாங்க'' என்று சிரித்தார்.

குழலைப் பார்த்தேன். ஆற்று மணலில் அலை வரைந்த மாதிரி கோடுகள். பெயின்ட் இல்லை, இரும்பின் உடம்பே அப்படி! இரும்புக் கம்பியையும் எஃகுக் கம்பியையும் மாற்றி மாற்றி அடுக்கி, பழுக்கக் காய்ச்சி, கயிறு போல முறுக்கி, பட்டையாகத் தட்டி, ஓர் உருளை மேல் நாடா மாதிரி சுற்றி, சம்மட்டியால் அடித்தே ஒட்டியிருக்கிறார்கள். 'டமாஸ்கஸ் குழல்' என்று பெயர். நம்ம தஞ்சாவூர் பீரங்கிமேட்டுப் பீரங்கிகூட வார்த்ததல்ல. இரும்பைக் காய்ச்சி அடித்துச் சேர்த்ததுதான்.

குழலும் பூட்டும் சேரும் இடத்தில் விளக்குக் கரியைப் பூசி, மூடித் திறப்பார்களாம். கரி ஒட்டிய இடம் மேடு. அரத்தால் ஒரு ராவு. மறுபடி கரி, மறுபடி ராவு... மயிரிழை இடைவெளியும் இல்லாமல் பொருந்தும் வரை! 1814-ல் தொடங்கிய லண்டன் பர்டி கம்பெனியில் இன்றும் கடைசிப் பொருத்தம் கைவேலைதான். விலை? கோடி ரூபாயைத் தாண்டும்.

இன்றைய ஆலைகளில் கம்ப்யூட்டர் சொல்கிறபடி இயந்திரம் கடைகிறது. ஆயிரமாவது துப்பாக்கியும் முதலாவது மாதிரியே இருக்கும். ஒரு பாகம் போனால் இன்னொன்றை வாங்கி மாட்டலாம். பெரியவர் துப்பாக்கியில் ஒரு ஸ்பிரிங் உடைந்தால், யாராவது உட்கார்ந்து ராவித்தான் ஆகணும்.

''ஆனாலும் பழசுதான் ஒசத்தி, இல்லீங்களா ஐயா?''

பெரியவர் முகம் மாறியது. ''அங்கதான் தம்பி வம்பே! தோட்டத்துல பன்னி இறங்குது, ஒரு வெடி போட்டு விரட்டலாம்னு பேரன் புதுத் தோட்டா வாங்கிட்டு வந்துட்டான். நல்லவேளை, ரிப்பேர் பாக்குறவர்கிட்ட முதல்ல காட்டினோம். குழலுக்கு அடியில இருந்த முத்திரையைப் பாத்துட்டு, 'இதுல புதுத் தோட்டா போட்டா விரல் உங்களுது இல்லே'ன்னுட்டாரு!''

காரணம், மருந்து. இது கரிமருந்துக் காலத்துக் குழல். பர்மிங்ஹாமில் 1813-ல் ஏற்பட்ட சோதனைச் சாலையில், வழக்கத்தைவிட அதிக மருந்து திணித்துச் சுட்டுப் பார்ப்பார்கள். தாங்கினால்தான் முத்திரை. பின்னால் வந்த புகையில்லா மருந்துக்குத் தனி முத்திரை உண்டு. இதில் அது இல்லை! போதாததற்கு, அத்தனை ஒட்டுகளுக்குள் துரு எங்கே ஒளிந்திருக்கிறது என்று மேலே பார்த்தால் தெரியாது. இன்றைய குழலில் அலையும் இல்லை, ஒட்டும் இல்லை; ஒரே எஃகு. அழகில் தோற்கும். ஆனால் கையைக் காப்பாற்றும்.

''பேரன் இப்ப என்ன பண்றார்?''

பெரியவர் எண்ணெய்த் துணியால் குழலைத் துடைத்து, குழந்தையைக் கிடத்துவது போல் பெட்டிக்குள் வைத்தார்.

''தகர டப்பா தட்டுறான் தம்பி! பன்னியும் ஓடுது, விரலும் பத்தா இருக்கு!''