நீரடி விளக்கு

நீரடி விளக்கு என்பது நீரில் மூழ்குபவர்கள் கையில் எடுத்துச் செல்லும், நீர் புகாத மின்விளக்கு ஆகும். இரவில் முக்குளிப்போர், மீட்புப் பணியாளர்கள், கடலுயிர் ஆய்வாளர்கள் இதைப் பயன்படுத்துகின்றனர். இதனை வீட்டிலும் செய்யலாம்.

பின்னணி

மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தல் பகலில் நடந்த தொழில். கதிரவனே அதற்கு விளக்கு. கிராமங்களில் கிணற்றில் விழுந்த வாளியைத் தேட, முகம் பார்க்கும் கண்ணாடியால் வெயிலை உள்ளே திருப்புவர்.

சிவகாசி மத்தாப்பின் வெண்ணொளிக்கு அலுமினியம் போன்ற உலோகத் தூள்களே காரணம். பட்டாசுக் கலவையில் ஆக்சிசன் தரும் வேதிப்பொருளும் இருப்பதால், இவ்வகைத் தீப்பந்தங்கள் நீருக்குள்ளும் எரியும். கூஸ்தோவின் 1956ஆம் ஆண்டுத் திரைப்படத்தின் தொடக்கத்தில் இதைக் காணலாம். ஆனால் உரிமமின்றிப் பட்டாசுக் கலவை செய்வது குற்றம், உயிருக்கும் ஆபத்து. எனவே இங்கு மின்விளக்கு மட்டுமே விளக்கப்படுகிறது.

நீரில் ஒளி

நீர் முதலில் சிவப்பு நிறத்தை உறிஞ்சுகிறது. ஆழத்தில் பகலிலும் எல்லாம் நீலமாகத் தெரிவது இதனால்தான். கலங்கிய நீரில் துகள்கள் ஒளியைக் கண்ணுக்கே திருப்பிவிடும். ஆகவே அகன்ற ஒளியைவிடக் குவிந்த கற்றையே பயன்தரும்.

அமைப்பு

1. ஒளி: 10 வாட் எல்.இ.டி. ஒன்று ஏறத்தாழ 1000 லூமென் ஒளி தரும். அது சூடாகும்; எனவே அலுமினியத் தகட்டில் பொருத்தி, தகடு உலோகக் கூட்டைத் தொடுமாறு வைக்க வேண்டும்.

2. மின்கலம்: 3.7 வோல்ட், 2600 மில்லி ஆம்பியர்-மணி லித்தியம் மின்கலத்தின் ஆற்றல் 9.6 வாட்-மணி. அதாவது, ஒரு கலம் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகவே எரியவிடும். பாதுகாப்புச் சுற்று உள்ள கலத்தையே வாங்க வேண்டும்.

3. கூடு: தடித்த அலுமினியக் குழாய், முன்புறம் தடித்த அக்ரிலிக் வட்டு, இடையில் சிலிக்கான் கிரீஸ் தடவிய ரப்பர் வளையம்.

4. சுவிட்ச்: வெளியே காந்தத்தை நகர்த்தினால் இயங்கும் சுவிட்சே நல்லது. கூட்டில் துளையிடத் தேவையில்லை.

அழுத்தமும் சோதனையும்

ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். 30 மீட்டரில், 6 செ.மீ. விட்டமுள்ள வட்டின் மீது ஏறத்தாழ 85 கிலோகிராம் எடையளவு விசை அழுத்தும்.

மின்கலம் வைக்காமல், உள்ளே உலர்ந்த காகிதத்தை மட்டும் வைத்து, கூட்டை ஓரிரவு வாளி நீரில் மூழ்கவிட வேண்டும். பின்னர் கயிற்றில் கட்டிக் கிணற்றில் இறக்கிப் பார்க்கலாம். காகிதம் நனைந்திருந்தால் கூடு தேறவில்லை. கிணற்றில் 10 மீட்டர் நீரில் தேறிய கூடு, கடலில் 30 மீட்டருக்கும் தாங்கும் என்று எண்ணக்கூடாது.

எச்சரிக்கை

230 வோல்ட் பல்பைக் கம்பியில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்குவது உயிரைப் பறிக்கும்.

நீர் புகுந்த லித்தியம் கலத்திலிருந்து வாயு வெளிவரும். மூடிய கூட்டில் அழுத்தம் கூடி வெடிக்கலாம். முகத்துக்கு நேரே வைத்துத் திறக்கக்கூடாது.

முன்பு கிணற்றுக்குள் எரியும் விளக்கை இறக்கி, அது அணைந்தால் உள்ளே காற்று கெட்டிருக்கிறது என்று அறிந்தனர். மின்விளக்கு நச்சுக்காற்றிலும் எரியும். அந்த எச்சரிக்கையைத் தராது. சுடர் எரிந்தாலும் காற்று நலமானது என்று உறுதி சொல்ல முடியாது. ஆகவே வெளிச்சம் இருக்கிறது என்ற துணிவில் பாழ்கிணற்றில் இறங்கக்கூடாது. தீயணைப்புத் துறையை அழைக்க வேண்டும்.

கடலிலும் இரவில் தனியாக மூழ்கக்கூடாது. துணைக்கு ஒருவரும், மாற்று விளக்கு ஒன்றும் கட்டாயம் வேண்டும்.