சந்தாதாரர் முகவரி: அன்றும் இன்றும்

இதழ் அச்சாகி வந்துவிட்டால், சிற்றிதழ் அலுவலகத்தில் அன்று மற்ற வேலையெல்லாம் ஓரம் போகும். பழுப்புத் தாளை நீளவாக்கில் கிழித்து ரேப்பர் ஆக்குவார்கள். ஒருவர் சந்தாப் பேரேட்டைப் பார்த்து வாசிப்பார், இன்னொருவர் எழுதுவார், மூன்றாமவர் மைதாப் பசை தடவி ஒட்டுவார். ஊர், அஞ்சல், வழி, தாலுகா, மாவட்டம் என்று கிராமத்து முகவரி ஐந்தாறு வரிக்கு நீளும். 1972 ஆகஸ்ட் 15இல் பின்கோடு வந்த பிறகும் அந்த ‘வழி’யை விட மனமில்லாமல் எழுதியவர்கள் உண்டு. மாதாமாதம் எழுதி எழுதி, யார் வீடு மாறினார், யாருக்குச் சந்தா முடிந்தது என்பதெல்லாம் எழுதுகிறவருக்கு மனப்பாடம். தப்பு இருந்தால் பேனா அங்கேயே நின்றுவிடும்.

இன்று பேரேடு எக்செல்லுக்குப் போய்விட்டது. மெயில் மெர்ஜில் இணைத்து, ஏ4 ஸ்டிக்கர் ஷீட்டில் அச்சடித்து, உரித்து ஒட்டினால் மாலைக்குள் தபாலில் சேர்த்துவிடலாம். முதுகு ஒடிய எழுதியவர்களுக்கு இது பெரிய விடுதலை. ஆனால் ஷீட்டைப் பார்த்து வாங்க வேண்டும். கடையில் சுலபமாகக் கிடைக்கும் 24 கட்ட ஷீட்டில் ஒரு கட்டம் 64 மி.மீ. அகலம், 34 மி.மீ. உயரம். தமிழ் முகவரியை அதில் அடைக்க எழுத்தைச் சிறிதாக்கினால், கொம்பும் சுழியும் ஒன்றோடொன்று ஒட்டி, தபால்காரர் கண்ணைச் சுருக்க வேண்டியிருக்கும். 16 கட்ட ஷீட்டில் உயரம் அதேதான், அகலம் மட்டும் 99 மி.மீ. தமிழுக்கு நான் சிபாரிசு செய்வது இதைத்தான். 11 பாயின்டில் ஐந்து வரி தாராளமாக நிற்கும்.

முதலில் வெறுந்தாளில் ஒரு பக்கம் அடித்து, ஸ்டிக்கர் ஷீட்டோடு சேர்த்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மேல் வரிசை சரியாக இருந்து, கீழே போகப் போக எழுத்து கட்டத்தை விட்டு நகர்ந்தால், பிரின்டர் ‘ஃபிட் டு பேஜ்’ என்று பக்கத்தைச் சுருக்கியிருக்கிறது. ‘ஆக்சுவல் சைஸ்’ வைத்தால் சரியாகிவிடும். லேசர் பிரின்டருக்கு லேசர் ஷீட்தான் வேண்டும். உள்ளிருக்கும் சூட்டில் மற்றவற்றின் பசை இளகிவிடலாம். பாதி உரித்த ஷீட்டை மறுபடி உள்ளே விடவே கூடாது. விளிம்பு கிளம்பி ஒரு லேபிள் உள்ளே ஒட்டிக்கொண்டால் மெக்கானிக்கைத்தான் கூப்பிட வேண்டும். சாதாரண இங்க்ஜெட் மை ஐப்பசி மழையில் கரையும், மழை மாதங்களில் லேசரே நல்லது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த பட்டியல் என்றால், யூனிகோடுக்கு மாற்றிவிட்டு மெர்ஜுக்குப் போங்கள். இல்லையேல் எழுத்துரு மாறியதும் முருகேசனின் பெயர் ஆங்கில எழுத்துக் குவியலாக வந்து நிற்கும்.

அச்சடிக்கும் முன் பட்டியலைப் பின்கோடு வரிசையில் அடுக்குவது இன்னொரு பெரிய வசதி. முதல் மூன்று இலக்கம் தபால் பிரிக்கும் மாவட்டத்தையும், கடைசி மூன்று அஞ்சலகத்தையும் குறிப்பதால், லேபிள்கள் ஊர் ஊராகவே வெளிவரும். கட்டுக் கட்டத் தனியாகப் பிரிக்க வேண்டாம்.

கல்யாணப் பத்திரிகைக்கு மட்டும் ஸ்டிக்கர் வேண்டாம் என்பேன். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய உறையில் பெரியப்பா பெயரைக் கையால் எழுதுவதுதான் அழைப்பு.

இதழுக்கு வருவோம். கையால் எழுதிய காலத்தில் தானாக நடந்த சரிபார்ப்பு இப்போது நடப்பதில்லை. எக்செல்லில் ஒரு தவறு இருந்தால் மாதாமாதம் அதே தவறு அழகாக அச்சாகிப் போகும். இதழ் திரும்பி வந்தால், தபால்காரர் அதில் எழுதியிருக்கும் குறிப்பை அன்றைக்கே பட்டியலில் ஏற்றிவிடுங்கள். லேபிளின் முதல் வரியில் சந்தா எண்ணையும் முடியும் மாதத்தையும் போட்டால், பிழையைச் சந்தாதாரரே பார்த்து ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுவார்.