பழைய மடிக்கணினிக்குக் கூடுதல் ரேம்: பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியவை

அக்காள் பல்கலைக்கழகத்தில் பயன்படுத்திய மடிக்கணினி, தம்பி போலிடெக்னிக்கில் சேரும்போது அவன் கைக்கு வருவது நம் குடும்பங்களில் வழக்கம்தான். ஆனால், பத்தாண்டுப் பழைய கணினியில் இன்றைய பாடங்களைச் செய்வது எளிதல்ல. ஒரு பக்கம் இணைய வகுப்பு, இன்னொரு பக்கம் வேர்ட் கோப்பு என்று திறந்தாலே அது திணறத் தொடங்கிவிடும். புதியது வாங்க ஆயிரக்கணக்கில் ரிங்கிட் வேண்டும் என்பதால், ரேம் எனப்படும் நினைவகத்தைக் கூட்டிப் பார்க்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள்.

நல்ல யோசனைதான். ஆனால் ‘8 ஜிபி’ என்பதை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது. ஒரு கணினியில் ஓடும் 8 ஜிபி ரேம், இன்னொன்றில் ஓடாமல் போகலாம்.

முதலில், குறை ரேமில்தானா?

கணினி அப்போதைக்குச் செய்யும் வேலைகளை வைத்திருக்கும் இடமே ரேம். அந்த இடம் போதாதபோது, சிலவற்றை ஹார்ட் டிஸ்க்கில் ஒதுக்கி வைத்து, தேவைப்படும்போது திரும்ப எடுத்து வரும். நாம் காத்திருப்பது அந்த நேரத்தில்தான்.

விண்டோஸ் 10 கணினியில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்துங்கள். திறக்கும் பெட்டியில் ‘பெர்ஃபார்மன்ஸ்’ பகுதிக்குச் செல்லுங்கள். வழக்கமான வேலைகளைச் செய்யும்போது ‘மெமரி’ 80, 90 விழுக்காட்டைத் தொட்டால் ரேம் போதவில்லை என்று பொருள். மெமரி பாதி அளவிலேயே இருந்து, ‘டிஸ்க்’ மட்டும் எப்போதும் 100 விழுக்காட்டில் நின்றால், பெரும்பாலும் மெதுவாக இருப்பது பழைய ஹார்ட் டிஸ்க்தான். அதற்கு எஸ்எஸ்டி மாற்றுவதே பலன் தரும். ரேமுக்குச் செலவழிக்க வேண்டாம்.

தலைமுறை பொருந்த வேண்டும்

ரேமில் டிடிஆர்2, டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 என்று தலைமுறைகள் உண்டு. ஒன்றின் இடத்தில் மற்றொன்றைப் போட முடியாது. மடிக்கணினிக்கான டிடிஆர்3 தகட்டில் 204 தொடுமுனைகள் இருக்கும். டிடிஆர்4 தகட்டில் 260. நடுவில் உள்ள வெட்டும் வேறு இடத்தில் இருக்கும். உள்ளே போகவில்லை என்றால் அழுத்தித் திணிக்காதீர்கள். மேசைக் கணினிக்கான ரேம் ஏறக்குறைய இரு மடங்கு நீளமானது. அதுவும் மடிக்கணினிக்கு உதவாது.

ஏமாற்றும் ஓர் எழுத்து

பலர் தடுமாறும் இடம் டிடிஆர்3க்கும் டிடிஆர்3எல்லுக்கும் உள்ள வேறுபாடு. இரண்டும் ஒரே அளவு, ஒரே வெட்டு. இரண்டுமே கச்சிதமாக உட்காரும். ஆனால் டிடிஆர்3க்கு 1.5 வோல்ட் மின்னழுத்தம் வேண்டும், டிடிஆர்3எல் 1.35 வோல்ட்டிலேயே ஓடும். இன்டெல் நான்காம் தலைமுறை மடிக்கணினிகள் குறைந்த மின்னழுத்தத்துக்காக அமைக்கப்பட்டவை. ஐ5-4200யு என்பதுபோல் எண் 4இல் தொடங்கினால் அது நான்காம் தலைமுறை. அதில் சாதாரண டிடிஆர்3 போட்டால் திரை கறுப்பாகவே நிற்கலாம். டிடிஆர்3எல்லோ 1.5 வோல்ட்டிலும் ஓடக்கூடியது. ஆகவே டிடிஆர்3 கணினியில் ஐயம் இருந்தால் ‘எல்’ உள்ளதையே கேளுங்கள்.

வேகத்தில் அவ்வளவு கவலை வேண்டாம். 1333 வேகமுள்ள ரேமுடன் 1600 வேகமுள்ளதைச் சேர்த்தால், பொதுவாக இரண்டும் குறைந்த வேகத்தில் சேர்ந்து ஓடும்.

உச்ச வரம்பு

ஒவ்வொரு கணினியும் ஓர் அளவுக்கு மேல் ரேமை ஏற்காது. இரண்டு ரேம் இடங்கள் உள்ள இன்டெல் இரண்டாம், மூன்றாம் தலைமுறை மடிக்கணினிகள் பொதுவாக 16 ஜிபி வரை ஏற்கும். அதாவது ஓர் இடத்துக்கு 8 ஜிபி. அதற்கும் முந்தியவற்றில் பெரும்பாலும் 8 ஜிபியே எல்லை. விண்டோஸ் 32-பிட் பதிப்பாக இருந்தால் 4 ஜிபிக்கு மேல் போட்டும் பயனில்லை. 64-பிட் பதிப்புக்கு மாற வேண்டும்.

மெல்லிய மடிக்கணினிகள் சிலவற்றில் ரேம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். மேக்புக் ஏர் அப்படிப்பட்டது. அவற்றில் கூட்ட வழியில்லை. உங்கள் கணினியின் மாடல் எண்ணைக் கொண்டு தயாரிப்பு நிறுவனத்தின் கையேட்டைத் தேடினால் உச்ச வரம்பு, ரேம் இடங்களின் எண்ணிக்கை இரண்டும் தெரிந்துவிடும்.

பழைய ரேமே வழிகாட்டி

கணினியை முழுமையாக அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கி, கழற்றக்கூடிய பேட்டரி என்றால் அதையும் எடுத்துவிட்டுப் பின்மூடியைத் திறங்கள். ரேமைத் தொடுமுன் ஏதாவது ஓர் உலோகப் பொருளைத் தொட்டு, உடம்பிலுள்ள நிலைமின்சாரத்தைப் போக்கிக்கொள்ளுங்கள். பழைய ரேமின் ஒட்டுத்தாளில் ‘4ஜிபி பிசி3எல்-12800எஸ்’ என்பதுபோல் ஆங்கில எழுத்துகளில் இருக்கும். ‘பிசி3எல்’ என்றால் டிடிஆர்3எல்; ‘12800’ என்றால் 1600 வேகம்; கடைசி ‘எஸ்’ மடிக்கணினிக்கான சிறிய வகை. இதைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டு கடைக்குச் செல்லுங்கள். தோட்டத்திலிருந்து பட்டணத்துக்கு இரண்டு முறை அலைய வேண்டியிருக்காது.

புதிய ரேமைச் சாய்வாகச் செருகி, பக்கக் கொக்கிகள் ‘டிக்’ என்று பிடிக்கும்வரை மெதுவாகக் கீழே அழுத்த வேண்டும். கணினி எழவில்லை என்றால் கழற்றி மீண்டும் மாட்டிப் பாருங்கள். அப்போதும் எழாவிட்டால் பழையதை மட்டும் போட்டுப் பாருங்கள். பழையது ஓடினால் புதியது பொருந்தவில்லை, அல்லது பழுதானது.

செலவழிக்கத் தகுமா?

விண்டோஸ் 10க்கான மைக்ரோசாஃப்டின் பொது ஆதரவு 14 அக்டோபர் 2025 அன்று முடிந்தது. இன்டெல் கணினிகளில் பொதுவாக எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிந்தியவையும்தான் விண்டோஸ் 11க்குத் தகுதி பெறும். ரேம் கூட்டினாலும் இது மாறாது. கட்டுரை எழுத, பாடம் பார்க்க லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுப் பழைய கணினியை இன்னும் சில ஆண்டுகள் ஓட்டலாம். படிப்புக்கு விண்டோஸ் 11 கட்டாயம் வேண்டுமென்றால், அந்தப் பணத்தைப் புதிய கணினிக்கான சேமிப்பில் சேர்ப்பதே நல்லது.

ரேம்தான் வாங்குவது என்று முடிவு செய்தால், பொருந்தாவிட்டால் மாற்றித் தருவார்களா என்று கடைக்காரரிடம் முன்கூட்டியே கேளுங்கள். அவர் ஒப்புக்கொண்டால், எத்தனை நாளுக்குள் என்பதையும் ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.