ஒண்ணாங் கிளாஸில் அடக்கக் கூடாதவை!

பசி, தாகம், தும்மல், இருமல், கொட்டாவி, தூக்கம், கண்ணீர், சிறுநீர், மலம்... இப்படி உடம்பில் தானாக எழும் 14 உந்துதல்களை 'வேகங்கள்' என்கிறது சித்த மருத்துவம். இவற்றை அடக்கினால் நோய் வரும் என்பது கல்லூரியில் எங்களுக்குச் சொல்லித் தந்த அடிப்படைப் பாடம். ஏதோ பெரியவர்களுக்குச் சொன்னது என்று நினைத்துவிடாதீர்கள். ஒண்ணாங் கிளாஸ் வாண்டுக்கு, காலை மணி அடித்ததிலிருந்து சாயங்கால மணி அடிப்பதற்குள் இதில் பாதிக்கு மேல் வந்து கதவைத் தட்டிவிடும்.

முதலில் தட்டுவது பசி. வேன் வந்துவிட்டது என்று அரை டம்ளர் பாலோடு ஓடுகிற பிள்ளைக்குப் பத்து மணிக்கே வயிறு கூப்பிடும். அப்புறம் எங்கே 'அ' எழுதுவது? மதிய உணவுத் திட்டத்தை 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரிவாக்கினார். 2022 செப்டம்பர் 15-ம் தேதி மதுரையில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. கிச்சடி, பொங்கல், உப்புமா என்று சாப்பிட்டுவிட்டு உட்காரும் பிள்ளைக்குப் பாடம் ஏறும். காசு கட்டிப் படிக்கிற வீட்டுப் பிள்ளைகள்தான் இப்போது அதிகம் காலைப் பட்டினி என்பது என் கிளினிக் அனுபவம்!

அடுத்து எழுத்து வேலை. 2022-லிருந்து அரசுப் பள்ளிகளில் 'எண்ணும் எழுத்தும்' என்ற முறை. பாட்டு, கதை, பொம்மலாட்டம், விதைகளை எண்ணுவது என்று வகுப்பே கலகலவென்று இருக்கும். "என்ன ஸார், ஒரே ஆட்டம் பாட்டம்தான். நோட்டுல ஒண்ணுமே எழுதலை" என்று அலுத்துக்கொள்கிற அப்பாக்களைப் பார்க்கிறேன். அவர்களுக்கு ஒரு சேதி. மணிக்கட்டில் எட்டு சின்ன எலும்புகள் உண்டு. இந்த வயதில் அவற்றில் சில இன்னும் குருத்தெலும்புதான். கடைசி எலும்பு உருவாகப் பத்து வயதுகூட ஆகலாம். விரல் தசைகளும் அப்படித்தான், இன்னும் பழகவில்லை. களிமண் உருட்டுவதும், புளியங்கொட்டை பொறுக்குவதும், மணலில் எழுதுவதும் கைக்குப் பயிற்சி. நம் திண்ணைப் பள்ளிக்கூடத்து வாத்தியார்கள் மணலில் விரலைப் பிடித்து எழுத வைத்தது சும்மா இல்லை. ஆறு வயசில் நாலு பக்கம் காப்பி எழுதச் சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

வெளியே விளையாடும் நேரத்தையும் குறைக்காதீர்கள். சீனாவின் குவாங்சோ நகரில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளை மூன்று வருஷம், பள்ளி நாட்களில் 40 நிமிடம் கூடுதலாக வெளியில் விட்டுப் பார்த்தார்கள். புதிதாகக் கிட்டப்பார்வை வந்தது 100-ல் சுமார் 30 பேருக்கு. வழக்கம்போல் படித்த பிள்ளைகளில் அது சுமார் 40. இது 2015-ல் வெளியான ஆய்வு.

இனி முக்கியமான சமாசாரத்துக்கு வருகிறேன்.

"ஸார், கிளாஸ்ல ஒரு இடத்துல உட்கார மாட்டேங்கறாளாம். நெளிஞ்சுக்கிட்டே இருக்காளாம். மூளைக்கு ஏதாவது லேகியம் குடுங்க" என்று ஒரு தாய் தன் பெண்ணை அழைத்து வந்தார். குழந்தையிடம் மெதுவாகப் பேச்சுக் கொடுத்தேன். "தண்ணி குடிப்பியா கண்ணு?" "மாட்டேன். தண்ணி குடிச்சா ஒண்ணுக்கு வரும்." "வந்தா போக வேண்டியதுதானே?" "மிஸ் திட்டுவாங்க. அங்க தாழ்ப்பாளும் இல்ல."

அம்மா திகைத்துப் போனார். காலை எட்டரைக்கு வீட்டை விட்டால் நாலு மணி வரை அடக்கல்! விசாரித்தால் மலம் போய் மூன்று நாள். சிறுநீர் பரிசோதனைக்கு அனுப்பினேன். தொற்று இருந்தது. குழந்தை மருத்துவரிடம் அனுப்பி வைத்தேன். லேகியத்துக்கு அங்கே வேலையே இல்லை.

ஆறு வயசுக் குழந்தையின் சிறுநீர்ப்பை கொள்ளுவது சுமார் 200 முதல் 240 மில்லி. ஒரு பெரிய டம்ளர் அளவு, அவ்வளவுதான். இரண்டு மூன்று மணிக்கு ஒருதரம் போயே ஆக வேண்டும். அடக்கி அடக்கிப் பழகினால் பை முழுசாகக் காலியாகாமல் தேங்கும். தேங்கின இடத்தில் கிருமி சேரும். மலம் கட்டி நின்றால் அதுவும் பையை அழுத்தும். பெண் குழந்தைகளுக்குச் சிறுநீர்ப்பாதை குட்டை. அதனால் தொற்று சுலபமாக ஏறிவிடும்.

வீட்டுக்கு வந்ததும் ஷூவைக்கூடக் கழற்றாமல் பாத்ரூமுக்கு ஓடுகிறதா? தண்ணி பாட்டில் கொண்டுபோனபடியே திரும்பி வருகிறதா? ஜட்டி லேசாக நனைந்திருக்கிறதா? கவனியுங்கள். மறுநாளே போய் டீச்சரிடம் பேசுங்கள். சண்டையாக வேண்டாம், "கேட்டா அனுப்பிடுங்க டீச்சர்" என்று சொன்னால் போதும். தாழ்ப்பாள் விஷயத்தைத் தலைமையாசிரியரிடமே கேளுங்கள். கேரளத்தில் 2019-லேயே தண்ணீர் குடிக்கத் தனி மணி அடித்தார்கள். 2025-ல் தமிழ்நாட்டிலும் அது வந்தது. மணி அடித்துத் தண்ணீர் கொடுத்தால் மட்டும் போதுமா, போக இடம் வேண்டாமா?

மலச்சிக்கலுக்குக் கொய்யா, வாழைப்பழம், ஊறவைத்த உலர்திராட்சை, கீரை கொடுங்கள். பள்ளிக்குக் கிளம்பும் முன் பத்து நிமிஷம் அவசரமில்லாமல் உட்காரட்டும். நிலாவரைப் பொடி மாதிரி பேதி மருந்துகளை நீங்களாகக் கொடுக்கக் கூடாது. சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், காய்ச்சல், வயிற்று வலி இருந்தால் கைவைத்தியம் வேண்டாம், உடனே டாக்டரிடம் போங்கள்.

சாப்பாட்டுக்குப் பிறகு தலை சாய்கிற பிள்ளையைச் சோம்பேறி என்று திட்டாதீர்கள். அந்த வயதுக்குத் தினமும் 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். ராத்திரி பத்தரை வரை செல்போன் பார்த்துவிட்டு, காலை ஆறுக்கு எழுப்பினால் அந்தக் கணக்கு எப்படித் தேறும்? சில பிள்ளைகளுக்கு ராத்திரி ஆசனவாயில் கீரிப்பூச்சி அரித்துத் தூக்கம் கெடும். அதற்கு வேப்பெண்ணெயைச் சங்கில் ஊற்றிப் புகட்டும் பாட்டிமார் இன்னும் இருக்கிறார்கள். வேப்பெண்ணெய் உள்ளுக்குப் போய் வலிப்பு வந்து, மூளை பாதிக்கப்பட்ட குழந்தைகள் உண்டு. சித்த மருத்துவன் நானே சொல்கிறேன், குழந்தைக்கு அதை உள்ளுக்குக் கொடுக்கவே வேண்டாம். பள்ளியில் கொடுக்கிற குடற்புழு மாத்திரையைப் போடச் சொல்லுங்கள். அப்புறமும் அரிப்பு இருந்தால் டாக்டரிடம் காட்டி, வீட்டில் எல்லோருக்கும் சேர்த்து மருந்து கேளுங்கள். பிள்ளையின் நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள்.