வீட்டிற்குள் வந்த கல்லூரி

பிள்ளைகள் கல்லூரியைத் தேடிச் சென்ற காலம் ஒன்று இருந்தது. இன்று கல்லூரியே பிள்ளைகளைத் தேடி வீட்டிற்கு வருகிறது. 2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், பெருந்தொற்றின் காரணமாக நாடெங்கும் கல்லூரிகள் மூடப்பட்டபோது, கைப்பேசியே வகுப்பறை ஆயிற்று. அன்று வேறு வழியின்றி அதனை ஏற்றோம். இன்றோ, விரும்பி ஏற்கலாமா என்று பெற்றோர் அமர்ந்து சிந்திக்க வேண்டியவர்களாய் இருக்கிறோம்.

புதிய கருவி ஒன்றை மக்கள் ஏன் ஏற்கின்றனர்? ஏன் ஒதுக்குகின்றனர்? இதனை ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் ஃபிரெட் டேவிஸ், 1989ஆம் ஆண்டில் இரு காரணங்களை எடுத்துரைத்தார். இது நமக்குப் பயன்படும் என்ற எண்ணம் ஒன்று. கையாள எளிது என்ற எண்ணம் மற்றொன்று. பின்வந்த ஆய்வாளர் பலர் மூன்றாவதாக நம்பிக்கையையும் சேர்த்தனர். நம் இல்லங்களில் முதலில் எழும் வினாவும் நம்பிக்கையைப் பற்றியதே அன்றோ?

சான்றிதழுக்கு மதிப்புண்டா?

வீட்டிலிருந்தே படித்துப் பெறும் சான்றிதழை நம்பலாமா என்று ஐயுறுவோர்க்கு, என்பிடெல் திட்டம் நல்லதொரு விடை. 2003ஆம் ஆண்டு, ஏழு ஐ.ஐ.டி.களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் இணைந்து இதனைத் தொடங்கின. பாடங்களைக் கட்டணமின்றிக் கற்கலாம். தேர்வெழுத விரும்புவோர் மட்டுமே கட்டணம் செலுத்துவர். வாராந்தரப் பயிற்சிகளுக்கு 25 விழுக்காடும், இறுதித் தேர்வுக்கு 75 விழுக்காடும் மதிப்பெண் வழங்கப்படுகிறது. அத்தேர்வைக் குறித்த மையத்திற்கு நேரில் சென்று, அடையாள அட்டையைக் காட்டி, கண்காணிப்பாளர் முன்னிலையில் எழுத வேண்டும். பாடத்தை வீட்டிற்கு அனுப்பியவர்கள், தேர்வை வீட்டிற்கு அனுப்பவில்லை! உழைத்தவனுக்கே சான்றிதழ் என்ற உறுதி இதனால் கிட்டுகிறது. 2017இல் தொடங்கப்பட்ட 'சுவயம்' தளத்தின் வழியாகவும் இப்பாடங்கள் கிடைக்கின்றன.

வீட்டின் மறைவு காக்கப்படுமா?

கண்காணிப்பு எல்லை மீறுவதும் உண்டு. அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில், அரசுப் பல்கலைக்கழக மாணவர் ஒருவர், வீட்டிலிருந்தே தேர்வெழுதுமுன் தம் அறை முழுவதையும் ஒளிப்படக் கருவிக்குக் காட்டுமாறு பணிக்கப்பட்டார். அவர் நீதிமன்றத்தை நாடினார். தக்க காரணமின்றி வீட்டைச் சோதனையிடுவதைத் தடுக்கும் அரசியலமைப்பு உரிமையை இச்செயல் மீறுகிறது என்று 2022 ஆகஸ்டில் கூட்டாட்சி நீதிபதி தீர்ப்பளித்தார். தேர்வின் தூய்மை எத்துணை இன்றியமையாததோ, அத்துணை இன்றியமையாதது குடும்பத்தின் மறைவும்.

நம் நாட்டில் 2023இல் இயற்றப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிறையாதோரின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என விதிக்கிறது. முதலாண்டு மாணவர் சிலர் இவ்வயதினரே என்பதை நாம் மறத்தலாகாது.

பெற்றோர் கவனத்திற்கு

கட்டணம் செலுத்துமுன், அப்பல்கலைக்கழகமும் பாடமும் பல்கலைக்கழக மானியக் குழுவின் ஏற்பிசைவுப் பட்டியலில் உள்ளனவா என்று பாருங்கள். கடவுச்சொல்லை உற்ற நண்பருக்கும் சொல்லலாகாது என்று பிள்ளைகளுக்கு உணர்த்துங்கள். கைப்பேசிக்கு வரும் ஒருமுறைக் குறியீட்டு எண்ணை எவர் கேட்டாலும் கூறாதீர்கள். எந்த விவரத்தை, எதற்காகக் கேட்கின்றனர் என்று கல்லூரியை வினவத் தயங்காதீர்கள். அது உங்கள் உரிமை.

இறுதியாக ஒன்று. ஆபத்து வரும் என்றஞ்சி, மகனிடம் கைப்பேசியைக் கொடுத்து, மகளிடமிருந்து மட்டும் அதனைப் பறிக்கும் வீடுகள் உள்ளன. அது பாதுகாப்பன்று; அவளது கல்விக்கு இடும் பூட்டு. கதவை அடைத்து வைப்பதைவிட, தாழ்ப்பாளைக் கையாளக் கற்றுக்கொடுப்பதே அறிவுடைமை. மகனுக்கும் மகளுக்கும் அதனைச் சமமாகக் கற்பிப்போம்.