சின்னப் பிள்ளையின் வயிற்றுவலி: விடியும்வரை காத்திருக்க வேண்டாம்

அப்பெண்டிக்ஸ் வருத்தம் பெரிய பிள்ளைகளுக்கும் இளம் ஆட்களுக்கும்தான் வரும் என்று எங்களில் பலர் நினைக்கிறோம். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு அது குறைவாகத்தான் வரும். ஆனால் வந்தால் ஆபத்து அதிகம். வைத்தியர் கண்டுபிடிக்கும்போது, இந்த வயதுப் பிள்ளைகளில் பெரும்பாலானோருக்கு அப்பெண்டிக்ஸ் ஏற்கெனவே வெடித்திருக்கும்.

வயிற்றின் வலப்பக்கக் கீழ்ப்பகுதியில், பெருங்குடல் தொடங்கும் இடத்தில் வால்போல ஒட்டியிருக்கும் சிறு குழாய்தான் அது. அதன் வாய் அடைபட்டால் உள்ளே கிருமி பெருகி, வீங்கி, சீழ் பிடிக்கும். பெரியவர்களின் வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்புச் சவ்வு அந்த இடத்தைப் போர்த்திச் சீழ் பரவாமல் ஓரளவு மறிக்கும். சின்னப் பிள்ளைகளுக்கு அந்தச் சவ்வு இன்னும் வளர்ந்திருக்காது. குழாயின் சுவரும் மெல்லியது. அதனால் ஒன்றிரண்டு நாளிலேயே வெடித்து வயிறு முழுக்கப் பரவிவிடலாம்.

பிள்ளைக்கு நோகும் இடத்தைக் காட்டத் தெரியாது. கேட்டால் தொப்புளைத் தொடும், அல்லது அழும். சத்தியும் காய்ச்சலும் இருக்கும், சிலவேளை வயிற்றோட்டமும் போகும். புதுக் கிணற்றுத் தண்ணீர் ஒத்துவரவில்லை என்று நினைத்து ஜீவனி கரைத்துக் கொடுத்துவிட்டு இருந்துவிடுவோம். (மீள்குடியேறிய இடத்தில் வயிற்றோட்டம் ஒன்றும் புதினமில்லையே.) ஆகவே பிள்ளையைக் கவனியுங்கள். காலை மடக்கிக்கொண்டு அசையாமல் படுக்கிறதா? வயிற்றைத் தொட விடுவதில்லையா? நடக்க மறுக்கிறதா, வலது காலை நொண்டுகிறதா? வயிறு ஊதி இறுகுகிறதா, சத்தி பச்சையாக வருகிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். கடும் வலி திடீரெனக் குறைந்தாலும் நம்ப வேண்டாம். வெடித்தபின் சிறிது நேரம் அப்படி இருப்பதுண்டு.

பேதிக்கு ஆமணக்கெண்ணெய் கொடுக்காதீர்கள், வயிற்றை உருவிவிடவும் வேண்டாம். இரண்டுமே வெடிப்பதைத் துரிதப்படுத்தலாம்.

நாளைக்கு மேசன் வருவார், வீட்டு வேலை நின்றுவிடும் என்று யோசிக்கத் தோன்றும். சும்மா வயிற்றுவலிக்கு ஏன் வந்தீர்கள் என்று ஏசுவார்களோ என்றும் பயம் வரும். ஏசினால் ஏசட்டும். இரவில் பஸ் இல்லாவிட்டால் 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம். பக்கத்து ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சை வசதி இல்லையென்றால் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டப் பொது வைத்தியசாலைக்கோ யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கோ அவர்களே அனுப்புவார்கள். பிள்ளையின் கிளினிக் கொப்பியை எடுத்துச் செல்லுங்கள். சத்தி எப்போது தொடங்கியது, கடைசியாக என்ன சாப்பிட்டது, பனடோல் கொடுத்தீர்களா என்பதை வைத்தியரிடம் சொல்லுங்கள். வழியில் சாப்பாடு கொடுக்க வேண்டாம். சத்திரசிகிச்சைக்கு வெறும் வயிறு தேவைப்படும்.