முள் இல்லாத கள்ளி, அவசரம் இல்லாத வளர்ச்சி

கள்ளி என்றதும் முள்தானே உங்கள் நினைவுக்கு வருகிறது? ‘சூப்பர் கபுத்தோ’ என்னும் கள்ளியை நீங்கள் பயமின்றி உள்ளங்கையில் வைத்துக்கொள்ளலாம். அதில் முள்ளே கிடையாது. சற்றே அமுக்கிய பந்து போன்ற உருவம். பெரும்பாலும் எட்டுப் பிரிவுகள். மேலே சுண்ணாம்பு தெளித்தாற்போல் வெள்ளைப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் நுண்ணிய முடிகளின் தொகுப்பு.

இதன் மூதாதைச் செடியின் அறிவியல் பெயர் அஸ்ட்ரோஃபைட்டம் அஸ்டிரியாஸ். மெக்சிகோவின் வடகிழக்கிலும் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத் தென்கோடியிலும் மட்டுமே அது இயற்கையாக வளர்கிறது. சாமுராய் வீரர்களின் தலைக்கவசத்தை ஒத்திருப்பதால் ஜப்பானியர் அதைக் ‘கபுத்தோ’ என்கிறார்கள். புள்ளிகள் பெரிதாகவும் நெருக்கமாகவும் உள்ள செடிகளைத் தேர்ந்தெடுத்து இனப்பெருக்கம் செய்து, ஜப்பானியர் உருவாக்கிய அலங்கார வகைதான் சூப்பர் கபுத்தோ.

இது எளிய வேலையன்று. இச்செடியின் மகரந்தம் அதே செடியின் பூவில் விதையை உண்டாக்குவதில்லை. இரண்டு செடிகள் வேண்டும். பிறக்கும் நாற்றுகளும் ஒரே மாதிரி இருப்பதில்லை. சிறந்தவற்றைத் தேர்ந்தெடுத்து, அவை பூக்கும்வரை ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

ஏன் இவ்வளவு மெதுவான வளர்ச்சி? பெரும்பாலான செடிகள் பகலில் தம் நுண்துளைகளைத் திறந்து கரிவளியை உள்வாங்குகின்றன. பாலைவன வெயிலில் அப்படிச் செய்தால் நீர் ஆவியாகிவிடும். எனவே கள்ளிகள் இரவில்தான் துளைகளைத் திறக்கின்றன. உள்வாங்கிய கரிவளியை மாலிக் அமிலமாகச் சேமித்து, மறுநாள் பகலில் ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படுத்துகின்றன. இரவில் சேமித்த அளவே பகல் உணவுக்கு வழி.

நமக்கு நன்கு தெரிந்த டிராகன் பழச் செடியும் ஒரு கள்ளிதான். அதுவும் இதே முறையைத்தான் பின்பற்றுகிறது. ஆனால் அதன் நீண்ட தண்டுகளில் பச்சைப் பரப்பு அதிகம். உருண்டையான கபுத்தோவுக்கோ பச்சைப் பரப்பு குறைவு. அதையும் வெள்ளைப் புள்ளிகள் மறைக்கின்றன. அதனால்தான் சிலர் கபுத்தோ நாற்றை டிராகன் பழத் தண்டில் ஒட்டுக்கட்டி, அதன் வளர்ச்சியை விரைவுபடுத்துகிறார்கள்.

நம் நாட்டில் இதை வளர்ப்பவர்களுக்கு வெயிலைவிட மழைதான் பெரிய சவால். வேர் ஈரத்திலேயே இருந்தால் செடி அழுகிவிடும். ஆகவே மழை படாத, நல்ல வெளிச்சமுள்ள இடத்தில் வையுங்கள். பெருமணல், எரிமலை நுரைக்கல் போன்றவை அதிகம் கலந்த, நீர் தேங்காத மண்ணைப் பயன்படுத்துங்கள். மண் முழுவதும் காய்ந்த பிறகே தண்ணீர் ஊற்றுங்கள்.

இந்த மெதுவான வளர்ச்சியே அதற்கு ஆபத்தாகவும் இருக்கிறது. ‘ஆண்டுக்கணக்கில் காத்திருப்பானேன்?’ என்று நினைப்பவர்கள், காட்டில் வளர்ந்த மூதாதைச் செடிகளைத் திருட்டுத்தனமாகப் பிடுங்கி விற்கிறார்கள். அதன் வாழிடங்களும் விளைநிலங்களாக மாறிவிட்டன. 1993-இல் அமெரிக்கா இதை அழியும் ஆபத்திலுள்ள இனமாகப் பட்டியலிட்டது. சைட்டிஸ் என்னும் அனைத்துலக ஒப்பந்தமும் மிகக் கடுமையான கட்டுப்பாடுகள் கொண்ட முதல் பட்டியலில் இதைச் சேர்த்துள்ளது. பிடுங்கப்பட்ட ஒரு முதிர்ந்த செடியின் இடத்தை இன்னொரு செடி நிரப்பப் பல ஆண்டுகள் ஆகும்.

ஆகவே, வாங்கும்போது “இது விதையிலிருந்து வளர்த்த செடியா?” என்று கேளுங்கள். வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதானால், விதையாக இருந்தாலும் உரிமம் உள்ளதா என்று பெற்றோருடன் சேர்ந்து விசாரியுங்கள். விதை கிடைத்தால் இன்னும் நல்லது. அது ஒரு வாரத்துக்குள்ளேயே முளைக்கக்கூடும். பிறகுதான் பொறுமைக்குச் சோதனை. முதலாம் படிவத்தில் விதைத்தால், நீங்கள் எஸ்.பி.எம். எழுதும் காலத்தில் அதன் முதல் மஞ்சள் பூவைப் பார்க்கலாம்.